டெரி நகரத்து வாத்தியார்: கேள்வி – பதில்

கேள்வி: ஆசிரியர் வேலையை விட்டு அரசியலுக்கு வந்தவர்களில் உங்கள் மதிப்பில் முதலிடம் யாருக்கு? (கும்பகோணம் வாசகி)

பதில்: வட அயர்லாந்தின் ஜான் ஹியூமுக்கு. தனியாக ஆட்சியைப் பிடிக்கவே வழியில்லாத ஒரு சிறுபான்மையினர் கட்சிக்கு 1979 முதல் 2001 வரை தலைவராக இருந்தார். அந்தக் கட்சியை வைத்துக்கொண்டு, 30 ஆண்டு ரத்தக்களரி முடிவதற்கான பாதையைப் போட்டார். அசைக்க முடியாத பெரும்பான்மையோடு ஆண்ட பலரால் முடியாத காரியம் அது.

கேள்வி: ஹியூமா? காங்கிரஸைத் தொடங்கினாரே, அவரா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: இல்லை. அவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் காங்கிரஸ் பிறக்கக் காரணமாக இருந்த ஆங்கிலேய அதிகாரி. இவர் ஜான் ஹியூம். 1937 ஜனவரி 18 அன்று டெரி நகரத்தில், ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். அவர் ஆள வந்தவர்களில் ஒருவர். இவர் ஆளப்பட்டவர்களில் ஒருவர்.

கேள்வி: அந்த ஊர்ச் சண்டைதான் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள். (சேலம் கல்லூரி மாணவர்)

பதில்: 1921-ல் அயர்லாந்து இரண்டாகப் பிரிந்தது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அங்கே புராட்டஸ்டன்டுகள் பெரும்பான்மை. பிரிட்டனோடு இருப்பதே அவர்கள் விருப்பம். கத்தோலிக்கர் 1960-களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினார்கள். 1921 முதல் 1972 வரை வட அயர்லாந்தின் ஸ்டோர்மான்ட் ஆட்சிப் பீடத்தை விட்டு, பிரிட்டனோடு இருப்பதை விரும்பிய யூனியனிஸ்ட் கட்சி ஒரு நாளும் இறங்கவில்லை. வெளியில் தெரிந்தது மதம். உள்ளே எரிந்தது ஓட்டு, வீடு, வேலை.

கேள்வி: வகுப்பில் ஹியூம் என்ன பாடம் நடத்தினார்? (விருதுநகர் ஆசிரியர்)

பதில்: பிரெஞ்சும் வரலாறும். ஸ்ட்ரபேன் என்ற ஊரில் தொடங்கி, பிறகு தாம் படித்த புனித கொலம்ப் கல்லூரிப் பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். கவிஞர் ஷேமஸ் ஹீனி படித்ததும் அதே பள்ளியில்தான். ஹீனி, ஹியூம் என ஒரே பள்ளிக்கு இரண்டு நோபல்!

ஹியூமின் தந்தை நெடுங்காலம் வேலையில்லாமல் இருந்தவர். டெரி, சட்டைத் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே பெண்களுக்கு வேலை கிடைத்தது, ஆண்கள் சும்மா இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போக முடிந்தது 1947-ல் வந்த கல்விச் சட்டத்தால். தேர்வில் தேறினால் படிப்பு இலவசம் என்றது அந்தச் சட்டம். கத்தோலிக்க ஏழைப் பிள்ளைகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அதிலிருந்துதான் உருவானார்கள். பின்னாளில் உரிமை கேட்டு வீதிக்கு வந்தவர்களும் அவர்களே. இலவசக் கல்வி கொடுத்த அரசு, தன்னைக் கேள்வி கேட்கும் தலைமுறையையும் சேர்த்தே உருவாக்கியது.

கேள்வி: பாதிரியாராகப் போனவர் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: போனார், திரும்பினார். மேனூத் குருமடத்தில் படித்தவர், குருப்பட்டம் பெறாமல் பட்டதாரியாக வெளியே வந்தார். 1960-ல் பாட் என்ற ஆசிரியையை மணந்தார். ஐந்து குழந்தைகள். அரசியலில் ஹியூமுக்கு வருமானம் இல்லாத ஆண்டுகளில் குடும்பம் நடந்தது பாட்டின் ஆசிரியர் சம்பளத்தில்தான். பிறகு அவரது தொகுதி அலுவலகத்தையும் பாட்தான் கவனித்துக்கொண்டார். ஹியூமைப் பாராட்டும் ஒவ்வொரு வாயும் பாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நல்ல வேலை, நல்ல குடும்பம். அப்புறம் ஏன் அரசியல்? (திருச்சி வாசகர்)

பதில்: ஊர் நிலவரத்தைக் கேளுங்கள். டெரியில் கத்தோலிக்கரே பெரும்பான்மை. ஆனால் நகராட்சியில் யூனியனிஸ்டுகள் 12 பேர், எதிரணியினர் 8 பேர். எப்படி? வார்டு எல்லைகளை வரைந்த விதத்தில். கத்தோலிக்கர்களில் பெரும்பகுதியை ஒரே வார்டில் அடைத்து 8 இடம் கொடுத்தார்கள். மற்ற இரண்டு வார்டுகளில் சிறு பெரும்பான்மையோடு 12 இடங்களை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டும் குடும்பத் தலைவருக்கும் துணைக்கும்தான் ஓட்டு. அப்பா வீட்டில் ஒண்டியிருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் ஓட்டு இல்லை. ஆகவே கத்தோலிக்கருக்கு ஒரு வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டுப் போய்விடும் என்று கணக்குப் போட்டது நகராட்சி. வீடு கட்டாமலே விட்டார்கள்.

1965-ல் இன்னொரு அடி. இரண்டாவது பல்கலைக்கழகம் வட அயர்லாந்தின் இரண்டாவது பெரிய நகரமான டெரிக்கு வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அரசு கோல்ரேன் என்ற சிற்றூருக்குக் கொடுத்தது. டெரியில் இரு மதத்தாரும் சேர்ந்து கார்களில் அணிவகுத்து ஸ்டோர்மான்டுக்குப் போய் முறையிட்டார்கள். அந்தப் போராட்டக் குழுவின் தலைவர் 28 வயது வாத்தியார் ஹியூம். தன் மாணவர்களுக்கே பல்கலைக்கழகம் மறுக்கப்படும்போது எந்த ஆசிரியர் சும்மா இருப்பார்?

கேள்வி: உடனே கட்சி தொடங்கிவிட்டாரா? (தேனி வாசகர்)

பதில்: அதற்கு முன்பே கடன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியிருந்தார். 1960-ல் நண்பர்கள் சிலரோடு, சில பவுண்டுகளைப் போட்டு டெரியில் ஆரம்பித்தார். வங்கி வாசலை மிதிக்க முடியாத ஏழைகள் வட்டிக்காரனிடமும் அடகுக்கடையிலும் சிக்கியிருந்தார்கள். அவர்கள் சேமிப்பையே ஒன்றுசேர்த்து, அவர்களுக்கே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது சங்கம். நான்கே ஆண்டுகளில் அயர்லாந்து முழுவதற்குமான கடன் சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார் ஹியூம். தம் வாழ்வில் மிகப் பெருமைப்படும் காரியம் இதுவே என்று பிற்காலத்திலும் சொல்லிவந்தார். நோபல் வாங்கியவர் அப்படிச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: கொடி, நாடு, இனம் என்று பேசாமலா அரசியல் நடத்தினார்? (மதுரை வாசகர்)

பதில்: அதற்குக் காரணம் அவர் அப்பா. சிறு பையனாக ஒரு தேசியவாதக் கூட்டத்தைக் கேட்டு ஹியூம் உணர்ச்சிவசப்பட்டபோது, இதிலெல்லாம் மாட்டிக்கொள்ளாதே, கொடியைச் சாப்பிட முடியாது என்றாராம் தந்தை. ஹியூம் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அயர்லாந்து ஒன்றுபட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் உண்டு. ஆனால் பிரிந்திருப்பது மண் இல்லை, மனிதர்கள் என்பதே அவர் வாதம். மண்ணைத் துப்பாக்கியால் சேர்க்கலாம். மனிதர்களைச் சேர்க்க முடியாது.

கேள்வி: அப்படியானால் கட்சி எப்போது வந்தது? (ஈரோடு வாசகி)

பதில்: 1968 அக்டோபர் 5 அன்று டெரியில் உரிமைப் பேரணி மீது போலீஸ் தடியடி நடத்தியது, தொலைக்காட்சி அதை உலகுக்கே காட்டியது. அதன் பின் அமைந்த குடிமக்கள் செயற்குழுவில் தலைவர் ஐவன் கூப்பர், ஒரு புராட்டஸ்டன்ட், துணைத்தலைவர் ஹியூம். 1969 பிப்ரவரியில் சுயேச்சையாக நின்று, பழைய தேசியவாதக் கட்சித் தலைவரையே தோற்கடித்து ஸ்டோர்மான்டுக்குள் போனார். 1970 ஆகஸ்ட் 21 அன்று எஸ்.டி.எல்.பி. எனப்படும் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி உருவானது. ஜெரி ஃபிட் தலைவர், ஹியூம் துணைத்தலைவர். ஃபிட் விலகிய பின், 1979 நவம்பரில் ஹியூம் தலைவரானார்.

கேள்வி: அமைச்சர் பதவி கிடைத்ததா? (வேலூர் வாசகர்)

பதில்: ஐந்து மாதம். 1974 ஜனவரியில் இரு தரப்பும் பங்கிட்ட முதல் அரசு அமைந்தது. ஹியூம் வர்த்தக அமைச்சர். மே மாதம் அதிகாரப் பகிர்வை எதிர்த்த புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மின்சாரம் நின்றது, அரசும் கவிழ்ந்தது. அடுத்த பகிர்வு அரசு அமைய 25 ஆண்டுகள் ஆயின. இடையில் செத்தவர்களை நினைத்தால், 1974-ல் கவிழ்த்தவர்கள் மீது இன்றும் கோபம் வருகிறது.

கேள்வி: ரத்தம் கொதிக்கும் இளைஞர்களிடம் பொறுமையை எப்படிப் போதித்தார்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: எளிதாக இல்லை. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் பேரணி வேண்டாம் என்று எச்சரித்தார் ஹியூம். ஒரு வாரம் முன்பு மகிலிகன் கடற்கரையில் பாராசூட் படைச் சிப்பாய்கள் நடந்துகொண்ட முறையை நேரில் பார்த்திருந்தார். பேரணி நடந்தது. ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பின்னர் இறந்தார். ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வில் சேர இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு, துப்பாக்கி தவறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார் ஹியூம். அவர் வீட்டின் மீது பெட்ரோல் குண்டுகள் விழுந்தன. அவர் காட்டியது கணக்கு. மொத்தம் 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தக் காலத்தில், பாதிக்கும் மேற்பட்ட சாவுகள் ஐ.ஆர்.ஏ. போன்ற குடியரசு ஆயுதக் குழுக்களால் நேர்ந்தவை. விடுதலை வாங்கித் தருகிறேன் என்றவர்கள் யாரை விடுவித்தார்கள் என்று கேட்டார்.

கேள்வி: சின்னக் கட்சியை வைத்துக்கொண்டு லண்டனை எப்படி அசைத்தார்? (கோவை வாசகர்)

பதில்: உள்ளூரில் எண்ணிக்கை போதாது என்றதும் வெளியே போனார். வாஷிங்டனில் டெட் கென்னடி, டிப் ஓ'நீல், மொய்னிஹன், ஹ்யூ கேரி ஆகிய நான்கு ஐரிஷ் வம்சாவளித் தலைவர்களைத் தம் பக்கம் சேர்த்தார். அமெரிக்க ஐரிஷ் பணம் துப்பாக்கிக்குப் போகக் கூடாது என்று அவர்கள் 1977-ல் பகிரங்கமாகச் சொன்னார்கள். டப்ளினில் இருந்த அயர்லாந்து அரசைப் பேசவைத்தார். 1985-ல் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் ஐரிஷ் பிரதமர் ஃபிட்ஸ்ஜெரால்டும் கையெழுத்திட்ட ஆங்கில-ஐரிஷ் ஒப்பந்தம் டப்ளினுக்கு வடக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையைத் தந்தது.

1979-ல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். ஸ்ட்ராஸ்பர்கில், பிரான்சையும் ஜெர்மனியையும் இணைக்கும் பாலத்தில் நின்றபோது அவருக்கு ஒரு யோசனை வந்ததாக நோபல் உரையிலேயே சொல்லியிருக்கிறார். கோடிக்கணக்கில் ஒருவரையொருவர் கொன்ற இரண்டு நாடுகள் ஒரே அவையில் உட்கார்ந்து பேசுகின்றன என்றால், டெரியும் பெல்ஃபாஸ்டும் ஏன் பேசக் கூடாது? அந்த அவையில் அவருடைய பரம எதிரியான யூனியனிஸ்ட் இயன் பெய்ஸ்லியும் உறுப்பினர். ஊருக்கு ஐரோப்பிய நிதி கேட்க மட்டும் இருவரும் ஒன்றாகவே போனார்கள். வாங்கியும் வந்தார்கள்.

கேள்வி: ஒரே பேச்சையே 30 ஆண்டு பேசினார் என்று கேலி செய்தார்களாமே? (காரைக்குடி வாசகி)

பதில்: செய்தார்கள். வட அயர்லாந்துப் பிரச்சினைக்கு மூன்று உறவுகள்: வடக்கிலேயே இரு சமூகங்களுக்கு இடையே, வடக்குக்கும் தெற்குக்கும் இடையே, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே. மூன்றையும் ஒன்றாகத் தீர்க்காமல் எதுவும் தீராது. இதையே சொன்னார், மறுபடி சொன்னார், கேட்டவர்கள் அலுக்கும்வரை சொன்னார். வாய்ப்பாட்டை ஒரு தரம் சொல்லிவிட்டு நிறுத்தும் வாத்தியார் உண்டா? 1998-ல் அமைதி ஒப்பந்தம் வந்தபோது அதில் மூன்று பகுதிகள் இருந்தன. அதே மூன்று உறவுகள்.

கேள்வி: ஆயுதக் குழுவை எதிர்த்தவர், அதன் அரசியல் பிரிவுத் தலைவரோடு ரகசியமாகப் பேசியது சரியா? (சென்னை வாசகர்)

பதில்: சரி. அவர் வாழ்வின் மிகத் துணிச்சலான செயல் அதுதான்.

1988-ல் ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் பிரிவான ஷின் ஃபேனின் தலைவர் ஜெரி ஆடம்ஸைச் சந்திக்கத் தொடங்கினார். ஆடம்ஸின் கட்சி தேர்தலில் ஹியூமின் கட்சிக்கு நேர் போட்டி என்பதை மறக்காதீர்கள். ஹியூமின் வாதம் இது: உங்கள் தடை லண்டன் இல்லை. பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஏறத்தாழ பத்து லட்சம் புராட்டஸ்டன்டுகளே. அவர்களைக் குண்டு வைத்துச் சம்மதிக்கவைக்க முடியாது. பிரிட்டனுக்கு இங்கே சுயநலம் இல்லை என்று பிரிட்டனே சொன்னால் துப்பாக்கியை வைப்பீர்களா? 1990-ல் பிரிட்டிஷ் அமைச்சர் பீட்டர் புரூக் அந்தப் பொருளில் வெளிப்படையாகப் பேசினார்.

1993 ஏப்ரலில் ஹியூம் வீட்டுக்குள் ஆடம்ஸ் நுழைவதை யாரோ பார்த்துவிட, விஷயம் வெடித்தது. டப்ளின் பத்திரிகைகள் சில வாரம்தோறும் அவரைக் கிழித்தன. சொந்தக் கட்சியினரே முகம் சுளித்தார்கள். அக்டோபர் 23-ல் பெல்ஃபாஸ்டின் ஷாங்கில் சாலையில் ஐ.ஆர்.ஏ. குண்டு, ஒரு வாரம் கழித்து கிரேஸ்டீல் என்ற ஊரில் எதிர்த்தரப்புத் துப்பாக்கி. கிரேஸ்டீல் இறுதிச் சடங்கில், இறந்த ஒருவரின் மகள் ஹியூமிடம் வந்தாள். அப்பாவின் பெட்டியைச் சுற்றி நின்று, உங்கள் முயற்சி பலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம் என்றாள். ஹியூம் அங்கேயே உடைந்து அழுதார். சில நாளில் உடல் தளர்ந்து மருத்துவமனையில் படுத்தார். எழுந்ததும் மீண்டும் பேசப் போனார்.

டிசம்பரில் லண்டனும் டப்ளினும் கூட்டுப் பிரகடனம் செய்தன. 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. 1996-ல் அது முறிந்து லண்டனில் குண்டு வெடித்தது. 1997-ல் மீண்டும் நிலைத்தது. எதிரியோடு பேசியதைத் துரோகம் என்றவர்களுக்கு, உயிர் பிழைத்த பிள்ளைகளே பதில்.

கேள்வி: 1998 ஒப்பந்தத்தில் சிறுபான்மைக்கு என்ன கிடைத்தது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சம அதிகாரம் உடையவர்கள், ஒருவர் விலகினால் மற்றவரும் நீடிக்க முடியாது. அமைச்சர் பதவிகள் கட்சிகளின் இடங்களுக்கு ஏற்பப் பகிரப்படும். முக்கியத் தீர்மானங்களுக்கு இரு சமூகப் பிரதிநிதிகளின் ஆதரவும் வேண்டும். பிரிட்டிஷ், ஐரிஷ் அல்லது இரண்டு குடியுரிமையையும் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். பெரும்பான்மைக்கும் உறுதி உண்டு: வடக்கு மக்களில் பெரும்பான்மையினர் சம்மதிக்காமல் நாட்டின் நிலை மாறாது. ஏப்ரல் 10-ல் ஒப்பந்தம். மே 22-ல் வாக்கெடுப்பு: வடக்கில் 71 சதவீதம் ஆதரவு, தெற்கில் 94 சதவீதம்.

கேள்வி: துணை முதலமைச்சர் நாற்காலியில் ஏன் அவர் உட்காரவில்லை? (திண்டுக்கல் வாசகி)

பதில்: தம் துணைத்தலைவர் ஷேமஸ் மாலனுக்கு விட்டுக்கொடுத்தார். மாலனும் ஒரு பள்ளி ஆசிரியரே!

கேள்வி: நோபல் பணத்தை என்ன செய்தார்? (தஞ்சை வாசகர்)

பதில்: 1998-ன் அமைதி நோபல் பரிசை யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிளோடு பகிர்ந்துகொண்டார். தம் பங்கை ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் டி பால் சபைக்கும் சால்வேஷன் ஆர்மிக்கும் கொடுத்தார். ஒன்று கத்தோலிக்க அமைப்பு, மற்றது புராட்டஸ்டன்ட் அமைப்பு.

கேள்வி: நம் நாட்டோடு அவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா? (சிவகங்கை வாசகர்)

பதில்: உண்டு. 2001-ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசை இந்திய அரசு அவருக்கு வழங்கியது. அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங் அமைதி விருதையும் பெற்றவர். அகிம்சையைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். குண்டு விழும் தெருவில் குடியிருந்து அதைக் கடைப்பிடித்தவர் என்பதால் காந்தி பரிசுக்குப் பொருத்தமானவர்.

கேள்வி: குறையே இல்லாதவரா? (கடலூர் வாசகர்)

பதில்: உண்டு. முக்கியமானவற்றைச் சொந்தக் கட்சிக்காரர்களிடமே மூடி வைத்தார். மாலன் உட்படப் பலருக்கு அந்த வருத்தம் இருந்தது. இரண்டாம் வரிசைத் தலைமையை வளர்க்கவும் அமைப்பைப் பலப்படுத்தவும் நேரம் ஒதுக்கவில்லை. எல்லாச் சுமையையும் ஒரே தோளில் தூக்கிய கட்சி, அந்தத் தோள் விலகியதும் தடுமாறியது.

கேள்வி: ஷின் ஃபேனுக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தம் கட்சியையே பலிகொடுத்தவர் தோற்றவர்தானே? (நெல்லை வாசகர்)

பதில்: இடங்களை எண்ணினால் அப்படித்தான் தோன்றும். 1998 சட்டமன்றத் தேர்தலில் முதல் விருப்ப வாக்குகளில் எஸ்.டி.எல்.பி.தான் முதலிடம், 24 உறுப்பினர்கள். 2001 பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஷின் ஃபேன் முந்திவிட்டது. 2022 சட்டமன்றத் தேர்தலில் எஸ்.டி.எல்.பி.க்கு 8 இடம்தான். ஆயுதத்தை வைத்துவிட்டு வந்தவர்களுக்கு மக்கள் ஓட்டுப் போடுவார்கள் என்பது ஹியூமுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே செய்தார். ஆனால் அவரை எதிர்த்த கட்சிகள் இன்று எந்தச் சட்டத்தின் கீழ் ஆட்சி நடத்துகின்றன? அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தின் கீழ். கட்சி சிறுத்தது, கருத்து சட்டமானது. என் கணக்கில் இது வெற்றி.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி? (ராமநாதபுரம் வாசகி)

பதில்: நினைவு மறதி நோய் பிடித்தது. டெரி தெருக்களில் நடக்கும்போது ஊர் மக்களே அவரைக் கவனித்துக்கொண்டார்கள் என்று பாட் நன்றியோடு சொன்னார். 2020 ஆகஸ்ட் 3 அன்று, 83-ஆவது வயதில் மறைந்தார். கொரோனா காலம் என்பதால், கூட்டம் சேராமல் அவரவர் வாசலில் அமைதிக்காக மெழுகுவத்தி ஏற்றுங்கள் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது.

கேள்வி: சிறுபான்மைக் கட்சி ஒன்றில் சேர நினைக்கும் இளைஞருக்கு ஹியூம் வழியாக என்ன சொல்வீர்கள்? (மயிலாடுதுறை கல்லூரி மாணவி)

பதில்: மேடை தேடும் முன் மக்களின் கடன், வீடு, படிப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது கையில் எடுத்துத் தீர்த்துக் காட்டுங்கள். எதிரே இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பயத்துக்கும் உங்கள் திட்டத்தில் பதில் வையுங்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு வெறும் கோபம் சோறு போடாது. எதிரியும் ஏற்கக்கூடிய நியாயம் போடும். சேரும் முன் உங்கள் தலைவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கட்சி தோற்றாலும் மக்கள் ஜெயிக்கும் நிலை வந்தால் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? தயங்காமல் பதில் சொல்பவரின் கட்சியில் சேருங்கள்.